தேதி குறித்த அழைப்பு: மெர்டேக்கா, நேரு கோப்பை, கடலூர்ப் பெண்கள்

உலகக் கோப்பைக்கும் ஆசியக் கோப்பைக்கும் தகுதிச் சுற்று உண்டு; ஆடி ஜெயித்துத்தான் உள்ளே போக வேண்டும். அழைப்புக் கோப்பைக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு நாட்டின் கால்பந்துச் சங்கம் சில நாடுகளுக்குக் கடிதம் எழுதும், சம்மதித்தவர்கள் வந்து ஆடுவார்கள், ஜெயித்தவர் கோப்பையை எடுத்துப் போவார். இந்த எளிமையினாலேயே இவ்வகைப் போட்டிகளை ஒரு படி கீழே வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. கூப்பிட்டு ஆடும் ஆட்டத்தில் ஜெயித்து என்ன பெருமை என்று கேட்பார்கள். நம் நேரு கோப்பை, மலேசியாவின் மெர்டேக்கா, துருக்கியின் பெண்கள் கோப்பை ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வி பொருந்தவில்லை என்றே எனக்குப் படுகிறது. யாருக்கு ஆட்டம் கிடைத்தது, அடுத்த வருடமும் கிடைத்ததா என்றுதான் கேட்க வேண்டும். கடலூர் மாவட்டத்திலிருந்து இந்திய அணிக்குப் போன பெண்களின் ஆட்ட வாழ்க்கை இதற்கு நேரடியான சாட்சி.

அழைப்புப் போட்டி கடலூர், சிதம்பரம் பக்கத்து மக்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. பொங்கல் சமயத்தில் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களில் ஒன்றை நின்று படித்தால் போதும். மேலே இளைஞர் மன்றத்தின் பெயர். அதற்கடியில் பெரிய எழுத்தில் 'மாபெரும் எழுவர் கால்பந்துப் போட்டி'. பிறகு முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, ஒவ்வொன்றையும் யார் நினைவாக யார் வழங்குகிறார் என்ற விவரம். கடைசியில் பொடி எழுத்தில் விதிமுறைகள்: நுழைவுக் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது, ஒரே நிற ஜெர்சி அணிந்து வர வேண்டும், குறித்த நேரத்துக்கு வராத அணி தோற்றதாகக் கருதப்படும், நடுவரின் தீர்ப்பே இறுதியானது. வெளியூர் அணிக்கு மதியச் சாப்பாடு உண்டு, தூரத்திலிருந்து வருபவர்களுக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் படுக்க இடமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய கிரவுண்டு மார்கழி முடியும்போது காய்ந்து கெட்டிப்படுகிறது. ஆகவே தை பிறந்தால் ஆட்டம். எந்த மன்றமும் இதை ஆவணியில் வைப்பதில்லை, ஐப்பசியில் வைப்பதில்லை. சர்வதேச அழைப்புக் கோப்பைக்குத் தேவையான அத்தனையும் அந்த நோட்டீஸில் இருக்கிறது: பணம், விருந்தோம்பல், விதி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தேதி.

ஆசியாவில் இதை நாடு என்ற அளவில் முதலில் ஒழுங்காகச் செய்து காட்டியது மலாயா. 1957 ஆகஸ்ட் 30 அன்று கோலாலம்பூரில் மெர்டேக்கா அரங்கம் திறக்கப்பட்டது. மறுநாள் நாடு விடுதலை பெற்றது. அந்தக் கொண்டாட்டத்தோடு பிறந்ததுதான் மெர்டேக்கா கோப்பை. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானே நாட்டின் கால்பந்துச் சங்கத்துக்கும் தலைவர். 1958 முதல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகவும் அவர் இருந்தார். விடுதலை நாள் ஆகஸ்டில் வருவதால் கோப்பைக்கும் அதை ஒட்டியே காலம் அமைந்தது. ஆசியக் கோப்பை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் மிகச் சில அணிகளோடு நடந்த காலம் அது. தென்கொரியா, பர்மா, இந்தோனேசியா, ஹாங்காங், இந்தியா போன்ற நாடுகளுக்கு ஒவ்வொரு வருடமும் சேர்ந்தாற்போல் பல சர்வதேச ஆட்டங்கள் கிடைக்கும் இடம் கோலாலம்பூர்தான்.

முதல் கோப்பை ஹாங்காங்குக்குப் போனது. 1958, 1959 இரண்டிலும் மலாயாவே ஜெயித்தது. இந்தியா 1959இலும் 1964இலும் இரண்டாம் இடம் பெற்றது. 1964 இறுதி ஆட்டத்தில் பர்மாவிடம் ஒரு கோலில் தோற்றோம். இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் வாங்கினோம். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்றோம். இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று எதைச் சொல்கிறோமோ அது மெர்டேக்காவுக்கு ஒழுங்காகப் போய்வந்த காலமும்தான். பொற்காலத்துக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஹைதராபாத்தின் ரஹீம் சாகிபைப் போல ஒரு பயிற்சியாளர் இருந்தார். ஆனால் எந்தப் பயிற்சியாளருக்கும் தன் ஆட்களைச் சோதித்துப் பார்க்க ஆட்டம் வேண்டும்.

நடத்திய நாட்டுக்குக் கிடைத்த பலன் இன்னும் பெரிது. மலேசியா 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியது. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்று, அரசியல் காரணமாகப் போகாமல் நின்றது. அந்த வெண்கல அணியின் கேப்டன் எம். சந்திரன். கோல்கீப்பர் ஆர். ஆறுமுகத்துக்கு 'ஸ்பைடர்மேன்' என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள். நீண்ட கைகளும் பாய்ச்சலும் அப்படி. தென்னார்க்காடு, தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிப் போய் ரப்பர் தோட்டங்களில் உழைத்த நாடு அது. அந்த மலாயாத் தமிழர் சமூகத்திலிருந்து வந்த இளைஞர்கள் ஆண்டுதோறும் தம் வீட்டு வாசலிலேயே தென்கொரியாவோடும் பர்மாவோடும் மோத முடிந்தது. கோலாலம்பூருக்குக் கப்பலேறாத நம் பக்கத்துப் பையன்களுக்கு அந்த வாய்ப்பு இங்கே இல்லை. இந்த வித்தியாசத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

மெர்டேக்காவைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள். 1968இல் தாய்லாந்து மன்னர் கோப்பை, 1971இல் தென்கொரியாவின் அதிபர் கோப்பை, 1978இல் ஜப்பானின் கிரின் கோப்பை. இந்தியா அந்த வரிசையில் சேர 1982 வரை ஆனது.

நேரு கோப்பையின் முதல் போட்டி கொல்கத்தா ஈடன் கார்டனில் நடந்தது. உருகுவே, சீனா, தென்கொரியா, இத்தாலி, யூகோஸ்லாவியா என்று வந்திருந்தவர்களின் பட்டியலைப் பார்த்து நகரமே திரண்டது. இறுதி ஆட்டத்தில் சீனாவை 2-0 என வென்று உருகுவே கோப்பையை எடுத்தது. அந்த அணியில் 20 வயதுப் பையன் ஒருவன் தன் நாட்டுக்காக முதல் முறையாக ஆடினான். பெயர் என்சோ பிரான்செஸ்கோலி. அடுத்த ஆண்டே உருகுவே தென்னமெரிக்கக் கோப்பையை வென்றபோது அவன் முன்னணி ஆட்டக்காரன். பிரான்ஸின் ஜிடேன் அவனைத் தன் ஆதர்சமாக வரித்துத் தன் மகனுக்கு என்சோ என்றே பெயர் வைத்தார்.

1984 ஜனவரியில் இன்னொரு பாடம். சால்ட் லேக் அரங்கம் நேரு கோப்பையோடு திறந்தது. அர்ஜென்டினா வந்தது. பயிற்சியாளர் பிலார்டோ பொறுப்பேற்று ஒரு வருடம்கூட நிறையவில்லை; புது அணியைக் கட்டிக்கொண்டிருந்தார். மரடோனா வரவில்லை என்ற ஏமாற்றம் ரசிகர்களுக்கு இருந்தது. ஆனால் புருச்சாகா வந்தார், கோல்கீப்பர் பும்பிடோ வந்தார். இந்தியா கடைசிக் கட்டம் வரை தாக்குப்பிடித்து, கரேக்கா போட்ட ஒரே கோலில் தோற்றது. இரண்டரை ஆண்டு கழித்து மெக்சிகோவில் அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தின் வெற்றிக் கோல் புருச்சாகா போட்டது.

கொல்கத்தாவில் இன்றும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. உருகுவேயும் அர்ஜென்டினாவும் நம் கோப்பையைத் தங்கள் இளைஞர்களுக்குப் பள்ளிக்கூடமாக வைத்துக்கொண்டன. சோவியத் ஒன்றியமும் அதையே செய்தது. 1985 கொச்சி, 1986 திருவனந்தபுரம், 1987 கோழிக்கோடு, 1988 சிலிகுரி என்று தொடர்ந்து நான்கு கோப்பைகளை அது அள்ளிக்கொண்டு போனது. ஐரோப்பாவில் பனி கொட்டும் மாதங்களில் ஆட்டக்காரர்களை வெயிலில் வைத்துப் பழக்க அவர்களுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. சீனா நான்கு முறை இறுதி வரை வந்து நான்கு முறையும் தோற்றது. தோற்றாலும் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தது. நடத்திய நாமோ விருந்து வைத்தோம், அரங்கம் நிரப்பினோம், வருடம் ஒரு முறை உலகத்தைப் பார்த்துவிட்டு மீதி நாளெல்லாம் மாநில அளவு ஆட்டங்களுக்குத் திரும்பினோம். விதிவிலக்கு 1984: யூகோஸ்லாவியப் பயிற்சியாளர் மிலோவன் அந்த அணியை வைத்து உழைத்து அதே ஆண்டு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற வைத்தார். அதன்பின் அந்தக் கட்டத்தை இந்தியா மறுபடி எட்டியது 2011இல்தான்.

1982 முதல் 1997 வரை 12 நேரு கோப்பைகள் நடந்தன. ஒன்றைக்கூட இந்தியா ஜெயிக்கவில்லை. ஊர் மாறிக்கொண்டே இருந்தது, மாதம் மாறிக்கொண்டே இருந்தது, 1989க்குப் பிறகு ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் என்றாகிவிட்டது. ஊர் மாறியதில் நல்லதும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கோழிக்கோட்டுக்காரருக்கும் சிலிகுரிக்காரருக்கும் தம் ஊரிலேயே சோவியத் அணியைப் பார்க்கக் கிடைத்தது. கேரளத்தில் இன்றிருக்கும் கால்பந்து வெறிக்கு அந்த ஆண்டுகள் போட்ட உரம் கொஞ்சமல்ல.

தமிழ்நாட்டுக்கு அந்தப் பேறு ஒரே முறை வாய்த்தது. 1993இல் சென்னையில் நேரு கோப்பை நடந்தது. பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடத்தில் புதிதாக எழுந்திருந்த நேரு விளையாட்டரங்கம்தான் களம். 1956இல் வினு மன்கடும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் சேர்த்த அதே மண். வடகொரியா கோப்பையை எடுத்துப் போனது, ருமேனியா இரண்டாம் இடம். தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்து இன்றைய கடலூர் மாவட்டம் உருவானதும் அதே 1993இல்தான். பிறகு கோப்பை சென்னைப் பக்கம் திரும்பவே இல்லை. அரங்கம் இருந்தது, மின்விளக்கு இருந்தது, கூட்டமும் இருந்தது. 'அடுத்த வருடமும் இங்கேதான், இதே மாதம்தான்' என்று சொல்ல ஆள் இல்லை.

1997 கொச்சிக்குப் பிறகு பத்து வருடம் நேரு கோப்பையே கிடையாது. 2007இல் டெல்லியில் திரும்பி வந்தபோது அழைப்புப் பட்டியல் மாறியிருந்தது. தென்னமெரிக்காவும் ஐரோப்பாவும் இல்லை. சிரியா, கிர்கிஸ்தான் போன்ற அணிகள் வந்தன. இறுதி ஆட்டத்தில் என்.பி. பிரதீப் போட்ட ஒரே கோலில் சிரியாவை வென்று முதல் முறையாகக் கோப்பை நம் கைக்கு வந்தது. 2009இல் மறுபடியும் சிரியா. கூடுதல் நேரத்தில் ரெனடி சிங் அடித்த ஃப்ரீ கிக் வலைக்குள் போய், அம்பேத்கர் அரங்கம் கொண்டாடத் தொடங்கிய பிறகு, கடைசி நொடிகளில் சிரியா சமன் செய்தது. பெனால்டி ஷூட்-அவுட்டில் சுப்ரதா பால் அடுத்தடுத்துத் தடுத்துக் கோப்பையைக் காப்பாற்றினார். 2012இல் கேமரூனின் இரண்டாம் நிலை அணியை, அதுவும் பெனால்டியில்தான், வென்றோம். 15 போட்டிகளில் சோவியத் ஒன்றியம் 4, இந்தியா 3, ஹங்கேரியும் ஈராக்கும் இரண்டிரண்டு என்பதோடு நேரு கோப்பையின் கணக்கு முடிந்துபோனது.

இந்த மூன்று வெற்றிகளையும் இளப்பமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எளிய அணிகளைக் கூப்பிட்டு ஜெயித்தார்கள் என்பது அவர்கள் வாதம். நான் அதை ஏற்கவில்லை. 1980களின் பெரிய பெயர்கள் நமக்குக் காட்சி தந்தன; 2007இன் சிறிய பெயர்கள் நமக்குச் சமமான சண்டை தந்தன. பாப் ஹௌட்டன் என்ற பயிற்சியாளர் அந்தச் சண்டைகளில் ஒரு அணியைச் செதுக்கினார். 2008 ஆகஸ்டில் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதியில் அந்த அணி தஜிகிஸ்தானை 4-1 என அடித்தது. சுனில் சேத்ரி மூன்று கோல். அந்த வெற்றிதான் 2011 ஆசியக் கோப்பைக்கான கதவைத் திறந்தது. யாரைக் கூப்பிடுவது என்பதைப் புகழ்பெற்ற பெயர்களை வைத்து முடிவு செய்தபோது கிடைக்காத பலன், நம் அணிக்கு என்ன தேவை என்று பார்த்து முடிவு செய்தபோது கிடைத்தது.

பிறகு அதே வேலையைச் செய்ய கண்டங்களுக்கிடையிலான கோப்பை வந்தது. 2018 மும்பையில் சேத்ரி, காலியான இருக்கைகளைப் பார்த்து மனம் நொந்து, மைதானத்துக்கு வாருங்கள் என்று ஒரு காணொளியில் கைகூப்பிக் கேட்டார்; அடுத்த ஆட்டத்திலிருந்து அரங்கம் நிரம்பியது. கென்யாவை 2-0 என வென்று கோப்பையும் வந்தது. 2019இல் அகமதாபாத், 2023இல் புவனேஸ்வர், 2024இல் ஹைதராபாத். மறுபடியும் ஊர் நிலையில்லை, வருடம் நிலையில்லை. மெர்டேக்காவுக்கும் முதுமை வந்துவிட்டது. 2013க்குப் பிறகு பத்து வருடம் நின்றுபோய் 2023இல் திரும்ப நடந்தது. இந்தியா அதில் மலேசியாவிடம் 2-4 எனத் தோற்றது. தஜிகிஸ்தான் கோப்பையை எடுத்தது. ஆட்டக்காரர்களைக் கிளப்புகள் விட வேண்டிய நாட்களை ஃபிஃபா நாட்காட்டி கட்டிப்போட்டிருக்கும் காலத்தில், மூன்று வாரம் ஓடும் பெரிய அழைப்புக் கோப்பைக்கு இடமில்லை. நான்கு அணிகள், பத்து நாள் என்று சுருங்கியவைதான் பிழைக்கின்றன.

ஆண்கள் பக்கம் இப்படித் தேய்ந்துகொண்டிருந்தபோது, பெண்கள் கால்பந்தில் அழைப்புக் கோப்பைதான் முதுகெலும்பாக இருந்தது என்பதை நம் விளையாட்டுப் பக்கங்கள் போதிய அளவு எழுதவில்லை. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1991இல் சீனாவில் நடந்தது. அடுத்தது நான்கு வருடம் கழித்து. நடுவில் என்ன ஆடுவது? 1994இல் போர்ச்சுகலின் தெற்குக் கடற்கரைப் பகுதியான அல்கார்வேயில் ஒரு அழைப்புக் கோப்பை தொடங்கியது. கோடையில் சுற்றுலாக்காரர்களால் பிதுங்கும் அந்தக் கடற்கரையில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விடுதிகள் காலி, புல்தரையோ பச்சை. நார்வே, ஸ்வீடன், அமெரிக்கா போன்ற குளிர்நாட்டு அணிகளுக்கு அது வரப்பிரசாதம். அமெரிக்கப் பெண்கள் பத்து முறை அந்தக் கோப்பையை வென்றார்கள். உலகக் கோப்பைக்கு நிகரான போட்டி என்று பல வருடம் பேசப்பட்டது. இதே கணக்கில் 2008இல் சைப்ரஸ் கோப்பை, 2017இல் துருக்கியின் ஆலன்யா நகரில் துருக்கிப் பெண்கள் கோப்பை.

இந்தியப் பெண்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? 2009இல் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்தே நம் அணி நீக்கப்பட்டது. தோற்றதால் அல்ல, நீண்ட காலம் ஒரு ஆட்டம்கூட ஆடாததால். பந்து ஆடத் தெரிந்த பெண்கள் மணிப்பூரிலும் ஒடிசாவிலும் தமிழ்நாட்டிலும் இருந்தார்கள், அவர்களுக்கு எதிரணி இல்லை.

அந்தக் காலத்தில்தான் கடலூரில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் பெண்பிள்ளைகள் பந்து பழகும் காட்சி கடலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பயிற்சியாளர் எஸ். மாரியப்பன் வளர்த்த இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம், தேசிய பெண்கள் லீக்கில் நேரடியாக ஆடும் அளவுக்கு ஒரு அணியைக் கட்டியது. பெரிய நகரமும் பெரிய முதலாளியும் பின்னால் இல்லாத ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து, கொல்கத்தா, இம்பால் அணிகளோடு ஒரே பட்டியலில். இந்துமதி கதிரேசன், பண்ருட்டியின் சந்தியா ரங்கநாதன் என்று இந்தியச் சட்டை போட்டவர்கள் இந்த மாவட்டத்திலிருந்து வந்தார்கள். 2018இல் தமிழ்நாடு முதல் முறையாகத் தேசியப் பெண்கள் சாம்பியன்ஷிப்பை, பலமுறை வென்ற மணிப்பூரை வீழ்த்தி எடுத்தது, 2023இல் மறுபடியும். 2019இல் மதுரையின் சேது அணி தேசிய லீக்கை வென்றது.

உடற்கல்வி ஆசிரியர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்துவிட்டுச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போன 'பி.டி. மாஸ்டர்'கள், வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கி, அரைக்கால் சட்டை போட அனுமதி வாங்கி, பெண்பிள்ளைகளை கிரவுண்டுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி 'இதனால என்ன சார் கிடைக்கும்?' என்பதுதான். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்கு ஃபார்ம்-1, தேசிய அளவில் ஆடியவருக்கு ஃபார்ம்-2 என்று சான்றிதழ்கள் தரம் பிரிகின்றன. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா காலத்தில் சென்னைச் சாலைகளில் காவல் பணி செய்துகொண்டே உடலைத் தகுதியாக வைத்திருந்தார். இந்திய அணி ஆடவே இல்லையென்றால் இந்திய அணியில் ஆடியவர் என்று யாருக்கும் பெயர் கிடைக்காது. சர்வதேச ஆட்டம் கிடைப்பது பதக்கக் கணக்கோடு நிற்கும் காரியம் அல்ல. பண்ருட்டிப் பக்கத்து ஒரு வீட்டின் அடுத்த தலைமுறை எப்படிப் போகும் என்பதும் அதில் இருக்கிறது.

2019 அதைக் கண்கூடாகக் காட்டிய ஆண்டு. பிப்ரவரியில் புவனேஸ்வரில் தங்கக் கோப்பை என்ற பெயரில் ஈரான், நேபாளம், மியான்மர் அணிகளை அழைத்து இந்தியா ஒரு போட்டி நடத்தியது. ஈரானை வென்றோம், மற்ற இரண்டிலும் தோற்றோம். கையோடு துருக்கிப் பெண்கள் கோப்பைக்குப் போனார்கள். உஸ்பெகிஸ்தானிடமும் ருமேனியாவிடமும் தோல்வி, துர்க்மெனிஸ்தானுக்கு எதிராக 10-0. மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியக் கோப்பை: அரையிறுதியில் வங்கதேசத்தை 4-0 என வென்ற ஆட்டத்தில் இந்துமதி இரண்டு கோல்; இறுதியில் நேபாளத்தை அவர்கள் ஊரிலேயே வென்று ஐந்தாம் முறையாகப் பட்டம். ஏப்ரலில் மாண்டலேயில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. பிப்ரவரியில் 0-2 எனத் தோற்ற அதே மியான்மரோடு, அவர்கள் மண்ணில், 3-3. சந்தியா தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டிருந்தார். கோல் வித்தியாசத்தில்தான் அடுத்த சுற்று நழுவியது. இரண்டு மாதம் இடைவிடாமல் ஆடிய அணி எவ்வளவு உயரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தத் தங்கக் கோப்பை மறுபடி நடக்கவில்லை.

2021 நவம்பரில் பிரேசில் தன் மனாஸ் நகர அழைப்புப் போட்டிக்கு இந்தியப் பெண்களைக் கூப்பிட்டது. 6-1 எனத் தோற்றாலும், பிரேசிலின் வலைக்குள் மனிஷா கல்யாண் ஒரு பந்தைப் போட்டார். சிலி, வெனிசுவேலாவிடமும் தோல்வி. இரண்டே மாதத்தில் சொந்த மண்ணில் ஆசியக் கோப்பை. அதற்குள் முகாமில் கொரோனா பரவி அணியே விலக வேண்டிவந்தது. அத்தனை வருட உழைப்பு ஒரு பரிசோதனை முடிவில் கரைந்தது. அந்தப் பெண்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அதற்குப் பின் 2024 பிப்ரவரி 21, ஆலன்யா. எதிரணி எஸ்டோனியா. மனிஷா முதல் கோல் போட, எஸ்டோனியா சமன் செய்தது. இரண்டாம் பாதியில், 62ஆம் நிமிடம், இந்துமதி கோல் போட்டு இந்தியாவை மறுபடி முன்னே தள்ளினார். பிறகு பியாரி சாசா, மறுபடியும் மனிஷா. 4-1 என்று இருந்த ஆட்டம் கடைசி நிமிடங்களில் 4-3 வரை நெருங்கிவந்து நின்றது. இந்தியப் பெண்கள் மூத்தோர் அணி ஐரோப்பிய நாடு ஒன்றை வென்ற முதல் ஆட்டம் அது. அடுத்து ஹாங்காங்கை 2-0 என வென்றார்கள். கடைசி ஆட்டத்தில், முடியும் தறுவாயில் விழுந்த ஒரே கோலில் கொசோவோவிடம் தோற்று, கோப்பை கைநழுவி, இரண்டாம் இடம். 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என வென்று, தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குள் முதல் முறையாகப் போனார்கள். அந்த வெற்றிக்கு முன்னால் இருந்த படிக்கட்டில் பாதிக் கற்கள் அழைப்பு ஆட்டங்கள்.

புவனேஸ்வர்த் தங்கக் கோப்பை ஒன்றைத் தவிர எல்லாப் படியும் வெளிநாட்டில்தான் இருந்தது என்பதை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை. ஆலன்யா, மனாஸ் என்று அடுத்தவர் கூப்பிட்டால் போகிறோம். கூப்பிடாத வருடம் சும்மா இருக்கிறோம். அந்த அழைப்புகளும் இனி எளிதாக வராது. 2023இல் ஐரோப்பாவில் பெண்களுக்கான நேஷன்ஸ் லீக் தொடங்கியதிலிருந்து அந்த நாடுகளின் காலண்டர் நிரம்பிவிட்டது. அல்கார்வே கோப்பையே 2022க்குப் பிறகு நடக்கவில்லை. ஆசிய, ஆப்பிரிக்க அணிகளும் இப்போது ஆட்டம் தேடுகின்றன. கூப்பிட ஒருவர் வேண்டும்.

சிதம்பரத்தில் 1981 முதல் ஒவ்வொரு சிவராத்திரிக்கும் நாட்டியாஞ்சலி நடக்கிறது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆடுகிறவர்கள் வருகிறார்கள். சம்பளம் எதிர்பார்த்து வருவதில்லை. எப்போது என்று யாரும் கேட்பதில்லை, பஞ்சாங்கத்தைப் பார்த்தால் தெரியும். நேரு கோப்பை அதற்கு ஒரு வருடம் பின்னால் தொடங்கியது, அரசாங்க அரங்கங்களும் தூர்தர்ஷனும் அதன் பின்னால் நின்றன, இன்று அது இல்லை. ஒரு கோயில் நகரம் காப்பாற்றிக்கொண்ட ஒழுங்கை ஒரு தேசியச் சங்கம் காப்பாற்றவில்லை. இரண்டு இடத்திலும் கூப்பிட்டால் வருகிறவர்கள் இருந்தார்கள். தேதி ஒரு இடத்தில்தான் இருந்தது.

ஆகவே கேட்பது இதுதான். பிப்ரவரி கடைசியில் பெண்கள் தேசிய அணிகளுக்கான ஃபிஃபா நாட்கள் வழக்கமாக வருகின்றன. சோழமண்டலக் கரையில் மழை ஓய்ந்து, வெயில் ஏறாமல், தரை நன்றாக இருக்கும் காலமும் அதுவே. சென்னை நேரு அரங்கில் நான்கு அணிகளோடு, ஆளுக்கு மூன்று ஆட்டம் என்று பத்து நாளில் முடியும் ஒரு பெண்கள் அழைப்புக் கோப்பையைத் தமிழ்நாடு அரசும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் சேர்ந்து வருடந்தோறும் நடத்தலாம். 2022இல் நான்கு மாத அவகாசத்தில் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட்டை நடத்திக் காட்டிய மாநிலத்துக்கு இது பெரிய சுமை இல்லை. நமக்கு ஒரு படி மேலே ஒரு அணி, நமக்குச் சமமாக ஒரு அணி, நம்மைப் பார்த்து வளரும் ஒரு அணி என்று அழைத்தால் மூன்று விதமான ஆட்டம் கிடைக்கும். இலங்கைப் பெண்கள் அணியை மூன்றாவது இடத்தில் கூப்பிடலாம். வட மாகாணத்துப் பள்ளிகளிலிருந்து வரும் தமிழ்ப் பெண்களுக்கும் அது வழி திறக்கும். வருகிற அணிகள் கோப்பைக்கு முன்னால் பழகுவதற்குக் கடலூர் அண்ணா அரங்கமும் நெய்வேலி பாரதி அரங்கமும் இருக்கின்றன. மாவட்ட அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம் வைத்து, டிக்கெட் இல்லாமல் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விட்டால், அந்தப் பி.டி. மாஸ்டர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். முதல் வருட நோட்டீஸிலேயே அடுத்த மூன்று வருடத் தேதிகளையும் அச்சடித்துவிட வேண்டும்.